போர்ச்சுகல் சிவப்பு ஒயின்: எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஊர் பாட்டில்?

போர்ச்சுகலுக்குச் சுற்றுலா போகிறவர்களும், வேலைக்காகப் போய் அங்கேயே குடியேறியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்கச் சிவப்பு ஒயின் அடுக்கியிருக்கிறது. டோரு, டாவோ, பைராடா, அலென்டேஜு என்று ஊர்ப் பெயர்தான் பெரிதாகப் போட்டிருக்கிறது. எதை எடுப்பது?"

பெரும்பாலானோர் விலையைப் பார்த்து நடுவாந்தரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லையென்றால் ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர் என்பதால் டோருவை எடுக்கிறார்கள். அன்றைய சாப்பாடு சுட்ட மாட்டிறைச்சி என்றால் தப்பித்தார்கள். ஆலிவ் எண்ணெயில் மிதக்கும் ஆக்டோபஸ் என்றால் ஒயினும் வீண், ஆக்டோபஸும் வீண்.

இந்த நாட்டுக்கே உரிய திராட்சை ரகங்கள் 250க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலான சிவப்பு ஒயின்கள் மூன்று நான்கு ரகங்களைக் கலந்து செய்தவை. அதனால் ரகப் பெயர்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஊரைத் தெரிந்துகொண்டால் போதும். மண்ணும் வெயிலும் மழையும் பாட்டிலுக்குள் என்ன செய்திருக்கும் என்று பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம். இங்கே நான்கு பகுதிகளை ஒப்பிடுகிறேன், ஐந்தாவதாக ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறேன். இனிப்பான போர்ட் ஒயின் இந்தக் கணக்கில் வராது; அது சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமைக்கப்போவது என்ன என்று முடிவானபிறகுதான் ஒயின் பக்கம் போக வேண்டும். தட்டில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் என்பதுதான் கேள்வி. ஒயினின் பெயரும் புகழும் அதற்குப் பிறகுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்தான் காரணம். அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது வாய் வறண்டு இழுக்கிறது. வாயில் இறைச்சியின் கொழுப்பும் புரதமும் இருந்தால் துவர்ப்பு அடங்கிவிடும், உப்பும் அதை மட்டுப்படுத்தும். வேகவைத்த மீன், காய்கறி போன்றவற்றில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அதே ஒயின் முரட்டுத்தனமாகத் தெரியும்.

புளிப்பு. நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். போர்ச்சுகீசியச் சமையல் ஆலிவ் எண்ணெயிலும் பன்றிக் கொழுப்பிலும் ஓடுகிறது. அந்த எண்ணெய்ப்பசையை வாயிலிருந்து துடைத்து அடுத்த கவளத்துக்குத் தயார் செய்வது ஒயினின் புளிப்பு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குழம்பில் தக்காளியோ வினிகரோ தூக்கலாக இருந்து ஒயினில் புளிப்பு குறைவாக இருந்தால், ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

ஆல்கஹால். 12 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் வித்தியாசம் போதையில் மட்டும் இல்லை. காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் ஏற்றிவிடும். வெயில் நாளில் மதியச் சாப்பாட்டோடு 15 சதவீத ஒயின் குடித்தால் உடம்பு கனத்துப்போகும்.

பீப்பாய் வாசனை. புது ஓக் பீப்பாயில் ஊறிய ஒயினில் வனிலாவும் புகையும் வரும். சுட்ட இறைச்சிக்கு அது துணை. பச்சைக் கொத்தமல்லி, பூண்டு, உப்புக் கருவாட்டு மீன் ஆகியவற்றோடு அது சண்டை போடும்.

முதிர்ச்சி. வாங்கிய அன்றே திறக்கலாமா, இல்லை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்பதை விலைச்சீட்டு சொல்லாது. அதுவும் செலவுதான்.

| பகுதி | துவர்ப்பு | புளிப்பு | ஆல்கஹால் (பொதுவாக) | உடனே திறக்கலாமா | முதலில் நினைக்க வேண்டிய உணவு |
|---|---|---|---|---|---|
| டோரு | அதிகம் | நடுத்தரம் | 13.5–14.5 | ஒரு மணிநேரம் காற்று காட்டி | சுட்ட மாட்டிறைச்சி, ஆட்டுக்குட்டி |
| டாவோ | நடுத்தரம் | நல்ல புளிப்பு | 12.5–13.5 | பெரும்பாலும் ஆம் | வாத்துச் சோறு, பகல்யாவ் (உப்பிட்டு உலர்த்திய காட் மீன்), ஆக்டோபஸ் |
| பைராடா | மிக அதிகம் | மிக அதிகம் | 12.5–13.5 | இளசு என்றால் யோசிக்க வேண்டும் | பால்குடிப் பன்றி, ஷன்ஃபானா (ஒயினில் வெந்த ஆட்டுக்கறி) |
| அலென்டேஜு | மென்மை | குறைவு | 14–15 | தாராளமாக | கறுப்புப் பன்றி, ஆட்டுக் குழம்பு |
| மின்யு (வின்யாவோ ரகச் சிவப்பு) | நடுத்தரம் | கூச வைக்கும் | 10–11.5 | உடனே, அதே வருடத்தில் | விலாங்கு போன்ற லாம்ப்ரே, மத்தி |

அட்டவணை பொதுப்போக்கைத்தான் காட்டுகிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், வருடத்துக்கு வருடம் மாறும்.

## டோரு: பெயருக்கும் வலுவுக்கும்

1756இல், அன்றைய முதன்மை அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் எல்லை வரையப்பட்ட பகுதி இது. உலகிலேயே முதன்முதலில் எல்லை வகுத்து ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்ட ஒயின் பகுதிகளில் ஒன்று. ஷிஸ்ட் எனப்படும் பாளம் பாளமாக உடையும் பாறையைப் பிளந்து, மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். அந்த மூன்று மாத வெயில்தான் ஒயினின் கறுத்த நிறத்துக்கும் கனத்துக்கும் காரணம்.

ஆனால் நீண்ட காலம் இங்கே நல்ல பழமெல்லாம் போர்ட் ஒயினுக்கே போனது. சாப்பாட்டோடு குடிக்கும் இனிப்பில்லாத சிவப்பு இங்கே பெரிதாக மதிக்கப்பட ஆரம்பித்தது ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தால். போர்ட் ஒயின் செய்யும் ஃபெரெய்ரா நிறுவனத்தில் இருந்த ஃபெர்னாண்டோ நிக்கோலாவ் டி அல்மெய்டா 1952இல் பார்கா வெல்யா என்ற ஒயினைச் செய்தார். மலைக்குள் மின்சாரமும் குளிரூட்டும் வசதியும் இல்லாத நேரம்; நொதிக்கும்போது சூடு ஏறாமல் இருக்கக் கடலோரத்திலிருந்து பனிக்கட்டி கொண்டுவரச் செய்தார். இன்றைக்கும் அந்த ஒயின் எல்லா வருடமும் வெளிவருவதில்லை. போதிய தரம் இல்லை என்று பட்டால் வேறு பெயரில் விட்டுவிடுகிறார்கள்.

டூரிகா நாசியோனல், டூரிகா ஃபிராங்கா, டிண்டா ரொரிஸ் ஆகிய மூன்றும் இங்கே முக்கிய ரகங்கள். கருநாவல் போன்ற பழச்சுவை, கொஞ்சம் ஊதாப்பூ மணம், பின்னால் உறுதியான துவர்ப்பு. இதற்குச் சரியான ஜோடி போஸ்டா மிராண்டேசா: ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மிராண்டா பகுதியின் மிராண்டேசா இன மாட்டின் இறைச்சியை இரண்டு மூன்று விரல் தடிமனாக வெட்டி, கல்லுப்பு மட்டும் போட்டு, தணலில் சுடுவது. உள்ளே சிவப்பாகவே இருக்கும். அந்தச் சாறும் கொழுப்பும் டோருவின் துவர்ப்பை விழுங்கிவிடுகின்றன. அடுப்பில் வாட்டிய வெள்ளாட்டுக்குட்டி, சிவப்பு பீன்ஸும் பன்றி உறுப்புகளும் சேர்ந்த டிரான்ஸ்மொன்டானா ஃபெய்ஜோவாடா ஆகியவற்றுக்கும் இது நன்றாகப் போகும்.

மறைமுகச் செலவு இங்கே பெயருக்குக் கொடுக்கும் காசு. ஒரே விலையில் டோருவையும் டாவோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் டாவோ பாட்டிலில்தான் அதிகத் தரம் இருக்கும். நடுத்தர விலை டோருவில் ஓக் வாசனையைத் தூக்கலாகப் போட்டு விலை உயர்ந்ததுபோல் காட்டும் வழக்கமும் உண்டு. பாட்டில் கையில் கனத்தால் உள்ளே இருப்பது உசத்தி என்று எண்ண வேண்டாம்; கனம் கண்ணாடியுடையது.

டோருதான் வேண்டும், ஆனால் கொஞ்சம் இலகுவாக வேண்டும் என்றால், மேற்கே மழை கூடுதலாகப் பெய்யும் பைஷு கோர்கு பகுதியிலிருந்தோ உயரமான தோட்டங்களிலிருந்தோ வருவதைக் கேட்டு வாங்குங்கள். கிழக்கே டோரு சுப்பீரியர் பக்கம் போகப் போக வெயிலும் கனமும் ஏறும்.

## டாவோ: ஒரே பாட்டில்தான் என்றால் இது

நான்கில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் தயங்காமல் டாவோவை எடுப்பேன்.

நாட்டின் நடுவடக்கில், விசேயு நகரைச் சுற்றி, நாலாபுறமும் மலைகள் சூழ்ந்த உயர்நிலம் இது. கிழக்கே செர்ரா டா எஸ்ட்ரேலா, போர்ச்சுகல் பெருநிலத்தின் மிக உயரமான மலை, 1,993 மீட்டர். மேற்கே கரமுலு மலை கடல்மழையைத் தடுக்கிறது. கிரானைட் மணல், பைன் காடு, குளிர்ந்த இரவுகள். பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு தங்குகிறது. 1908இலேயே எல்லை வகுக்கப்பட்டது.

அப்படியிருந்தும் பல தலைமுறை டாவோவை ருசியில்லாத வறண்ட ஒயினாகத்தான் பார்த்தது. சர்வாதிகாரி சலாசர் ஆட்சியில் கூட்டுறவுச் சங்கங்களுக்கே பழத்தை வாங்கி ஒயின் செய்யும் உரிமை போனது. நல்ல பழம், கெட்ட பழம் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்தன. கவனமாகப் பயிரிட்டவருக்கும் கூடுதல் காசு கிடையாது. 1986இல் போர்ச்சுகல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபிறகு அந்த ஏகபோகம் உடைந்தது. அதன்பின் சிறிய தோட்டக்காரர்கள் தங்கள் பெயரிலேயே பாட்டிலிட ஆரம்பித்தார்கள். பழைய கெட்ட பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. விலை ஏறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாங்குகிறவருக்கு அது லாபம்.

டூரிகா நாசியோனல் இங்கிருந்துதான் பரவியது என்பது பரவலான கருத்து. அதோடு அல்ஃப்ரோஷைருவும், ஸ்பெயினில் மென்சியா என்று சொல்லப்படும் ஜாயெனும் சேரும். செர்ரிப்பழம், பைன் இலை, லேசான மிளகு. வாயில் எடை குறைவு, ஆனால் விழுங்கியபிறகும் சுவை நெடுநேரம் தங்கும்.

சாப்பாட்டு மேசையில் இதன் பலமே விட்டுக்கொடுக்கும் குணம்தான். வாத்துச் சோறு என்ற அர்ரோஸ் டி பாட்டுவை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தை வேகவைத்த தண்ணீரிலேயே அரிசியை வேகவைத்து, பிய்த்த கறியை நடுவில் வைத்து மூடி, மேலே ஷோரிசு என்ற மிளகாய்ப்பொடித் தொத்திறைச்சியை வட்ட வட்டமாக அடுக்கி, அடுப்பில் மேல்பரப்பு முறுகும்வரை வைப்பார்கள். அடியில் குழைவு, மேலே மொறுமொறு, நடுவில் வாத்துக் கொழுப்பு, ஆங்காங்கே புகை வாசனை. டோருவை ஊற்றினால் சோறு காணாமல் போகும். அலென்டேஜுவை ஊற்றினால் கொழுப்போடு கொழுப்பு சேர்ந்து திகட்டும். டாவோவின் புளிப்பு கொழுப்பை வெட்டும், துவர்ப்போ சோற்றை அமுக்காத அளவில் நிற்கும்.

ஆக்டோபஸை வேகவைத்து, நசுக்கிய சின்ன உருளைக்கிழங்கோடு பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி அடுப்பில் வைக்கும் பொல்வு அ லகரெய்ருவுக்கு ஓக் வாசனை குறைந்த இளம் டாவோ. காளானுக்கும் அதுவே.

செர்ரா டா எஸ்ட்ரேலா பாலாடைக்கட்டி இந்த மலையின் சொத்து. செம்மறியாட்டுப் பாலை, விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டுக்குப் பதிலாகக் கார்டு என்ற முட்செடியின் பூவைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். பழுத்ததும் மேல்தோலை மூடிபோல வெட்டி எடுத்துவிட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம், அவ்வளவு இளக்கம். ஊர்ச்சீஸுக்கு ஊர் ஒயின் என்று எல்லோரும் இதோடு சிவப்பைத்தான் வைக்கிறார்கள். முதிராத, துவர்ப்பு மிகுந்த பாட்டிலை வைத்தால் பின்நாக்கில் கசப்பு தட்டும். ஆறேழு வருடம் ஆன, துவர்ப்பு தணிந்த டாவோ வேண்டும்.

குறை என்றால், மலிவான டாவோ சில சமயம் நீர்த்திருக்கும். உசத்தி என்பதற்கு அடையாளமாக ரிசெர்வா என்று போட்டதில் ஓக் கூடியிருக்க வாய்ப்புண்டு. மீனுக்கோ ஆக்டோபஸுக்கோ வாங்கினால் அந்தச் சொல் இல்லாத பாட்டிலே மேல்.

## பைராடா: பன்றிக்கென்றே பிறந்தது

டாவோவுக்கு மேற்கே, மலைக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவில் இருக்கிறது பைராடா. களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலம், கடல்காற்று, இலையுதிர்கால மழை. பொம்பால் காலத்தில் போர்ட் ஒயினைக் காப்பாற்றுவதற்காக இங்கே இருந்த கொடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். அதிகாரபூர்வ ஒயின் பகுதியாக அங்கீகாரம் கிடைத்தது 1979இல்தான்.

இங்கே ராஜா பாகா என்ற ரகம். தாமதமாகப் பழுக்கும், பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அழுகும் அல்லது காயாகவே பறிக்க நேரும். அதனால் வருடம் பார்த்து வாங்க வேண்டிய ஒயின். புளிப்பும் துவர்ப்பும் இரண்டும் உச்சத்தில் இருக்கும். காம்போடு சேர்த்து மிதித்துச் செய்த பழைய பாணி பைராடாவை இளசாகக் குடித்தால் பல்லே கூசும். லூயிஸ் பாட்டு என்ற தயாரிப்பாளர் 1980களிலிருந்து காம்பை நீக்கியும் புதுப் பீப்பாய்களைப் பயன்படுத்தியும் பாகாவை மென்மையாக்கிக் காட்டினார். இன்றைக்குக் கடையில் இரண்டு பாணியும் கிடைக்கும்.

இந்த ஒயின் தனியாகக் குடிப்பதற்கானது அல்ல. மெயல்யாடா ஊரில் நெடுஞ்சாலையோரம் வரிசையாக இருக்கும் உணவகங்களில் லெய்தாவோ சாப்பிடும்போதுதான் அது எதற்காக இருக்கிறது என்று புரியும். லெய்தாவோ என்பது பால்குடி மறவாத பன்றிக்குட்டி. பூண்டு, உப்பு, மிளகு, பன்றிக்கொழுப்பு சேர்த்து அரைத்த விழுதை வயிற்றுக்குள் தடவித் தைத்து, நீளக் கம்பியில் குத்தி, விறகு எரிந்த சூளை அடுப்பில் திருப்பித் திருப்பி வாட்டுகிறார்கள். தோல் கண்ணாடித் தகடுபோல் மொறுமொறுப்பாகிக் கடித்ததும் நொறுங்கும். அடியில் ஒரு படலம் கொழுப்பு, அதற்குக் கீழே வெண்ணெய்போல இளகிய இறைச்சி. தட்டில் ஆரஞ்சு வட்டங்களும் மிளகு வாசம் தூக்கும் சாறும் வரும். ஆரஞ்சு எதற்காக வைக்கிறார்களோ அதே வேலையைத்தான் பாகாவின் புளிப்பும் செய்கிறது. கொழுப்பில் துவர்ப்பு கரைந்து, அதுவரை மறைந்திருந்த பழச்சுவை வெளியே வரும்.

இங்கே ஒரு போட்டியாளரும் உண்டு. மெயல்யாடாவில் பலர் லெய்தாவோவுக்கு பைராடாவின் நுரைக்கும் ஒயினைத்தான் கேட்பார்கள். மதியச் சாப்பாடு, வெயில் நாள், கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் நுரையொயின் சரி. பத்து வருடம் ஆன சிவப்பு பைராடா கிடைத்தால் சிவப்பையே எடுங்கள்.

ஷன்ஃபானா இன்னொரு காரணம். வயதான ஆட்டின் முற்றிய கறியைச் சிவப்பு ஒயின், பூண்டு, பிரியாணி இலை, மிளகாய்ப்பொடியோடு கறுப்பு மண்சட்டியில் போட்டு, விறகு அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். கறி கறுத்து, எலும்பிலிருந்து தானாக உதிரும். ஒயினிலேயே வெந்த கறிக்கு மென்மையான ஒயின் ஈடுகொடுக்காது. ஆட்டுக்கறியின் முற்றிய வாசனை பிடித்த யாருக்கும் இந்த ஜோடியைத் தயங்காமல் சொல்வேன்.

மறைமுகச் செலவு காலம். நல்ல பைராடா எட்டுப் பத்து வருடம் கேட்கும். அதுவரை வெயிலும் சூடும் படாத இடம் வேண்டும். முதிர்ந்த பாட்டிலைக் கடையிலேயே வாங்கலாம். கர்ரஃபெய்ரா என்று லேபிளில் இருந்தால், அந்தச் சிவப்பு குறைந்தது 30 மாதம், அதில் 12 மாதம் பாட்டிலிலேயே, முதிர்ந்து வந்தது என்று பொருள். முதிர்ந்ததில் அடியில் வண்டல் இருக்கும். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்ற வேண்டும்.

## அலென்டேஜு: கூட்டத்துக்குப் பரிமாற

தேஜு ஆற்றுக்குத் தெற்கே, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கோதுமை, ஆலிவ், தக்கை மரம், கொளுத்தும் வெயில். உலகத் தக்கையில் பாதி அளவு போர்ச்சுகலிலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி இந்தச் சமவெளியிலிருந்து. அரகோனெஸ், டிரிங்கடெய்ரா, அலிகான்டே பூஷே ஆகிய ரகங்களில் கடைசியானது சதையே சிவப்பாக இருக்கும் அபூர்வத் திராட்சை. பிரான்சில் உருவாக்கப்பட்டாலும் அதற்கு வாழ்வு கொடுத்தது அலென்டேஜுதான்.

பழுத்த பழம், மென்மையான துவர்ப்பு, தாராள ஆல்கஹால். ஒயின் பழக்கமில்லாத விருந்தாளியும் முகம் சுளிக்காமல் குடிப்பார். 5 முதல் 10 யூரோவுக்குள் ஏமாற்றாத பாட்டில் கிடைக்க வாய்ப்பு இங்கேதான் அதிகம்.

ஓக் மரத்தடியில் விழும் கொட்டைகளைத் தின்று வளரும் கறுப்புப் பன்றியைத் தணலில் சுட்டது, ரொட்டித்துண்டுகளின் மேல் ஊற்றும் ஆட்டுக் குழம்பான என்சொபாடு டி பொர்ரேகு, பன்றிக் கொழுப்பில் பிசைந்து வதக்கிய ரொட்டியான மிகாஸ் — இவை இதன் களம். பன்றியையும் மட்டியையும் சேர்த்துச் சமைக்கும் கார்னி டி போர்க்கு அ அலென்டெஜானாவுக்கு ஓக் இல்லாததை எடுக்க வேண்டும். மட்டியின் கடல் உப்பு ஓக்கோடு சேராது.

மண்பானையில் செய்யும் தால்யா ஒயின் இங்கே தனிப் பாரம்பரியம். ஆளுயரப் பானையில் நசுக்கிய பழத்தைத் தோலோடு போட்டு நொதிக்கவிட்டு, நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் அடியிலிருக்கும் துளையைத் திறப்பார்கள். ஓக் வாசனையே இல்லாத அந்தச் சிவப்பு, பூண்டும் கொத்தமல்லியும் மணக்கும் சாப்பாட்டுக்கு நன்றாகச் சேரும்.

எண்ணெய் மிகுந்த சாப்பாட்டுக்கு இரண்டாவது கிளாஸிலேயே இது திகட்டும். சூடான அறையில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். குளிர்ச்சி தேவைப்பட்டால் வடக்கே மலையை ஒட்டிய போர்ட்டலேக்ரி பகுதிப் பாட்டிலைத் தேடுங்கள்.

## வின்யாவோ: எல்லோருக்கும் இல்லை

வடமேற்கு மின்யு பகுதியில் வின்யூ வெர்டே என்றால் வெளியே எல்லோருக்கும் வெள்ளைதான் தெரியும். வின்யாவோ என்ற ரகத்திலிருந்து செய்யும் சிவப்பும் அங்கே உண்டு. கிண்ணத்தின் விளிம்பைக் கறையாக்கும் ஊதா நிறம், எலுமிச்சைபோன்ற புளிப்பு. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பது ஊர் வழக்கம். குளிர்காலக் கடைசியில் ஆற்றில் ஏறிவரும் லாம்ப்ரேயை அதன் இரத்தத்திலும் சிவப்பு ஒயினிலும் சமைப்பார்கள்; அந்தக் கனமான குழம்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெளியூரில் தேடி அலையாதீர்கள். அங்கே போனால் கட்டாயம் கேளுங்கள்.

## பகல்யாவுக்குச் சிவப்பா?

உப்பிட்டு உலர்த்திய காட் மீன்தான் பகல்யாவ். மீனுக்கு வெள்ளை ஒயின் என்று படித்தவர்கள், போர்ச்சுகீசியர் அதோடு சிவப்பு குடிப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் செய்வதற்குக் காரணம் உண்டு. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு, மீன் எண்ணெயோடு சேரும்போதுதான் வாயில் கவிச்சி ஏறுகிறது. காட் தன் கொழுப்பை ஈரலில் வைத்துக்கொள்ளும். சதையில் எண்ணெய் மிகக் குறைவு. உப்பில் இறுகிய சதை இறைச்சிபோலத் தடித்து அடுக்கடுக்காகப் பிரியும். உப்பு துவர்ப்பையும் தணிக்கும்.

ஆனாலும் எந்தப் பகல்யாவ் என்று பார்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெயும் பூண்டும் கொதிக்கும் லகரெய்ரு பாணிக்கு டாவோ. முட்டை, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், வெங்காயம் சேர்த்துக் கிளறும் பிராஸ் பாணிக்கு ஓக் இல்லாத இளம் டாவோ அல்லது அலென்டேஜு. பாலேடு ஊற்றிச் சுடும் நாட்டாஸ் பாணிக்குச் சிவப்பை விட்டுவிட்டு வெள்ளைக்குப் போங்கள். டோரு ரிசெர்வாவை எந்தப் பகல்யாவோடும் திறக்க வேண்டாம். மீனைச் சரியாக ஊறவைக்காமல் உப்பு மிஞ்சியிருந்தால் எந்த ஒயினும் காப்பாற்றாது. ஒன்றரை நாளாவது தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும்.

மத்தி வேறு கதை. உடம்பெல்லாம் எண்ணெய். ஜூன் மாதம் லிஸ்பன் தெருக்களில் சுடும் மத்திக்குச் சிவப்பு குடிக்கிறவர்கள் நிறைய. வின்யாவோ தவிர மற்றச் சிவப்பு எதையும் நான் சொல்லமாட்டேன்.

பிரி-பிரி என்ற மிளகாய் தடவிச் சுட்ட கோழிக்கும் ஒரு வார்த்தை. காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் இரண்டு மடங்காகக் காட்டும். 13 சதவீதத்துக்கு மேல் போகாத, ஓக் படாத இளம் டாவோவை 14 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து ஊற்றுங்கள். நம் வீட்டு மிளகுக் கறிக்கும் இதே கணக்குதான்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வந்துவிடும். அது இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், பில்லில் வராது. சீஸைத் தொட்டுவிட்டால் அதற்கேற்ற ஒயினையும் யோசிக்க வேண்டியிருக்கும். சாதாரண உணவகங்களில் ஜாடியில் வரும் வீட்டு ஒயின் பெரும்பாலும் மோசமில்லை; அந்தப் பகுதிச் சாப்பாட்டுக்கு அந்தப் பகுதி ஒயின்தான் ஜாடியில் இருக்கும்.

அறை வெப்பத்தில் பரிமாறு என்று பாட்டிலில் இருந்தால் அது குளிர்நாட்டு அறை. கோடையில் லிஸ்பன் வீட்டுக்குள்ளே 28 டிகிரி இருக்கும். சிவப்புக்கு 16 முதல் 18 வேண்டும். திறப்பதற்கு முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அலென்டேஜு கூட நிமிர்ந்து நிற்கும்.

இயற்கைத் தக்கையிலிருந்து எப்போதாவது ஒயினுக்குள் கெட்ட வாடை இறங்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் ஒயின் கெட்டுவிட்டது. உணவகத்தில் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். அதனால்தான் விருந்துக்கு ஒரே விலையுயர்ந்த பாட்டிலைவிட, பாதி விலையில் இரண்டு வாங்குவது நல்லது.

## யாருக்கு எது

ஆறு பேர், என்ன பிடிக்கும் என்று தெரியாது, கறியும் இருக்கிறது காயும் இருக்கிறது: இரண்டு டாவோ. பத்துப் பேருக்கு மேல், வெளியே கரியடுப்பு, தொத்திறைச்சி: அலென்டேஜு, குளிரவைத்து.

நல்ல மாட்டிறைச்சியோ முழு ஆட்டுத்தொடையோ, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் நால்வர்: டோரு. இங்கே மட்டும் காசைக் கொஞ்சம் கூட்டலாம்.

தோலோடு பன்றி: பைராடா, வேறு யோசனையே வேண்டாம். முதிர்ந்தது கிடைக்கவில்லையென்றால் அதே ஊர் நுரையொயின்.

தனியாக, வாரநாளில், ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மூடி வைக்கப் போகிறீர்கள்: டாவோ அல்லது பைராடா. புளிப்பு அதிகம் என்பதால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். பழுத்த அலென்டேஜு மறுநாளே சோர்ந்துவிடும்.

பிள்ளை பிறந்த வருடத்துப் பாட்டிலை எடுத்துவைக்க வேண்டும், இருபது வருடம் கழித்துத் திறக்க வேண்டும் என்றால் நல்ல வருடத்துப் பைராடாதான் முதல் தேர்வு, அடுத்தது உயர்தர டோரு. வீட்டில் குளிர்ச்சியான மூலை இல்லையென்றால் அந்த யோசனையை விட்டுவிட்டு, கடைக்காரரிடம் முதிர்ந்த கர்ரஃபெய்ரா இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.